பத்திரத்தில் வராத சொத்து

ஒரு வீட்டில் நிஜமாக உழைத்தது யார் என்று தெரிய வேண்டுமானால் நிலம் யாருக்குப் போனது, நகை யாருக்குப் போனது என்று விசாரிக்காதீர்கள். அருவாமணை யாருக்குப் போனது என்று கேளுங்கள்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். ஆற்றங்கரை, வாழைத்தோட்டம், நெல்வயல். ஆச்சி போய்ச் சேர்ந்து பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு பாத்திரங்களைப் பிரித்தார்கள். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். வெண்கல உருளி, பித்தளை அண்டா, குத்துவிளக்கு ஜோடி, செப்புக்குடம். ஒவ்வொன்றின் கழுத்திலும் யாராவது ஒருவர் பெயர் வெட்டியிருக்கும். எந்தக் கல்யாணத்துக்கு யார் செய்த சீர் என்பது வரைக்கும் பேச்சு போனது. அருவாமணை அந்த நோட்டில் ஏறவே இல்லை. இரும்பும் ஒரு துண்டு மரமும், அதற்கு யார் பெயர் வெட்டப் போகிறார்கள்?

அடுக்களைக்குள் மட்டும் ஒரு சின்ன யுத்தம் நடந்தது. பெரியம்மா அதை ஒரு பழைய நூல்சேலையில் சுற்றித் தன் சாக்குக்குள் வைத்துவிட்டாள். அத்தை பார்த்துவிட்டாள்.

"மதினி, அது எங்கம்மா அருவாமணைல்லா?"

"ஒங்கம்மாவுதுதான். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து அதுக்கு முன்னால உக்காந்தது யாருன்னும் சொல்லு."

அத்தை பதில் சொல்லவில்லை. நேராகப் புறவாசலுக்குப் போனாள். அங்கே மீன் அறுக்கிற அருவாமணை ஒன்று தனியாகச் சுவரில் சாய்ந்து நிற்கும். அதை எடுத்துக் கழுவி, சாம்பல் போட்டுத் தேய்த்து, தன் பையில் வைத்துக்கொண்டாள். தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள், அவளுக்கு அதுதான் உபயோகம் என்று பிற்பாடு எல்லோரும் சிரித்துப் பேசினார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பெரியம்மா சாக்குக்குள் போன அந்த அருவாமணையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மணை பலா மரம். இடது பக்கத்தில் ஒரு பள்ளம். கண்ணுக்கு உடனே தெரியாது, விரலால் தடவினால் தெரியும். ஒரு காலை மடக்கி மறுகாலால் மணையை அமுக்கிக்கொண்டு உட்காருவார்களே, அந்தப் பாதம் படுகிற இடம். ஆச்சி பாதமும், அதற்கு முன்னால் ஆச்சியின் மாமியார் பாதமும், அப்புறம் பெரியம்மா பாதமும் சேர்ந்து தேய்த்த பள்ளம். அலகு நிமிர்ந்து நிற்கும் இடத்தில் பழைய ஆணி என்றைக்கோ போய்விட்டது, சைக்கிள் போல்ட் ஒன்றைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். உச்சியில் தேங்காய்த் துருவி. அதன் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். தேங்காய் மூடியை ஒரே பக்கம் சாய்த்துத் துருவும் பழக்கம் மூன்று தலைமுறைக்கும் இருந்திருக்கிறது. சொல்லிக் கொடுத்து வந்ததா, துருவியே அப்படிப் பழக்கிவிட்டதா, எனக்குப் பிடிபடவில்லை.

அலகின் நடுவயிறு உள்வாங்கிப் போயிருந்தது. கத்தியில் காய் சும்மா கிடக்கும், கை கத்தியை நகர்த்தும். அருவாமணையில் கத்தி அசையாது. இரண்டு கையும் காயைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கிப் போகும். பீன்ஸாக இருந்தாலும் முட்டைக்கோஸாக இருந்தாலும் எல்லாம் நடுவயிற்றில்தான் வந்து விழும். அதனால் தேய்மானமும் அங்கேதான். அலகின் அடியும் நுனியும் பழைய அகலத்தில் இருக்க, நடு மட்டும் பிறை மாதிரி வளைந்துவிடும். ஆச்சி கீரை நறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கட்டோடு பிடித்து, கண் வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு நறுக்கும். ஒருநாளும் விரலில் பட்டதில்லை. எனக்குத்தான் பயத்தில் வயிறு கலங்கும்.

அதன் நிறம் வெள்ளி கிடையாது, கறுப்பும் கிடையாது. நீலம் கலந்த ஒரு சாம்பல். எங்கள் பக்கம் வாழைப்பூவும் வாழைக்காயும் வாரத்தில் பாதி நாள் சமையல். துவர்ப்புள்ள எதை நறுக்கினாலும் இரும்பு கறுக்கும், காயும் கறுக்கும், கையும் கறுக்கும். அதற்காகத்தான் நறுக்கியதை உடனே மோர்த்தண்ணீரில் போடுவது. இதில் ஒரு வேடிக்கை, அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சியதும் இதே வித்தையில்தான். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதி உப்பில் இருக்கும் இரும்பும் சேர்ந்தால் அழியாத கறுப்பு வரும். ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் விரல் நுனியில் எப்போதும் மை இருந்தது.

அந்தக் கறுப்பு அழுக்கு என்று நினைத்துச் சபீனாவும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்து வெளுக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பளபளவென்று ஆகும், மறுநாள் செந்துருப் பிடிக்கும். கறுப்புப் படலம் ஓரளவுக்குத் துருவைத் தடுக்கிற போர்வை. துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு சங்கதி. அதில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்க வழி தேடப் போய், துருப் பிடிக்காத எஃகில் வந்து நின்றார். நம் அடுக்களைக்கு அது வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. வந்ததும் பழையதெல்லாம் பரணுக்கு ஏறியது. கூடவே கேஸ் அடுப்பும் மேடையும் வந்தன. நின்று சமைக்க ஆரம்பித்த பிறகு காய் நறுக்க மட்டும் தரையில் உட்காருவானேன் என்று அருவாமணை ஓரங்கட்டப்பட்டது. நியாயம்தான். முழங்கால் வலிக்கிறவளிடம் போய்ப் பாரம்பரியம் பேசினால் அதே அருவாமணையைக் காட்டுவாள்.

இந்த அலகைச் செய்தது ஊர் ஆசாரி. அவர் பட்டறை எப்போதும் இருட்டாகவே இருக்கும். சின்ன வயதில் அது வறுமையின் இருட்டு என்று நினைத்திருந்தேன். அந்த இருட்டு தொழிலுக்கு வேண்டும். உலையில் காயும் இரும்பு எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதை நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். வெயில் வெளிச்சத்தில் அந்த நிறம் சரியாகத் தெரியாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையை வாங்கிவந்து துண்டு போட்டு அடிப்பார். லாரிப் பட்டையில் கரி அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வளைந்து கொடுக்கும், கூர் வைத்தால் நிற்கவும் நிற்கும். அடித்து வடிவம் வந்தபிறகு பழுக்கக் காய்ச்சி விளிம்பை மட்டும் தண்ணீரில் காட்டுவார். சுர்ரென்று ஒரு சத்தம். அதற்குப் பெயர் துவைச்சல். அந்த நிமிஷத்தில் விளிம்பு கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும், கீழே விழுந்தால் உடைந்தும் போகும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டி, வைக்கோல் நிறம் ஓடி வரும்போது நிறுத்துவார். ஒரு மூச்சு தாமதித்தால் நீலம் ஓடிவிடும், அப்புறம் கூர் நிற்காது. எல்லாம் கண் பார்வையில். ஒரு தெர்மாமீட்டர் கிடையாது.

அவருக்குக் கூலி காசாக இல்லை. அறுவடையில் களத்துமேட்டில் நெல் அளப்பார்கள். பழைய கிராமத்தின் அழகான ஏற்பாடு என்று இதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் புகழ வரவில்லை. வருஷம் முழுக்க வேலை வாங்கிவிட்டு, விளைந்தால் மரக்கால் நெல், விளையாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம். அவர் பிள்ளைகள் யாரும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இதை எழுதும்போது இன்னொன்றும் மனசில் ஓடுகிறது. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் சிவகளை. அங்கே முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த இரும்புக்கு கி.மு. 3345 வரைக்கும் காலம் போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஆதிச்சநல்லூர். 1876ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், அப்புறம் அலெக்சாண்டர் ரே பல வருஷம் தோண்டினார். தாழிகளோடு வாளும் ஈட்டி முனையும் குத்துவாளுமாக இரும்பு வந்துகொண்டே இருந்தது. கொங்கு நாட்டில் நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளே கிடைத்திருக்கின்றன. சிவகளை அறிவிப்பு வந்த நாளில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். ஐயாயிரம் வருஷத்து இரும்பு, தமிழன்டா, கை தட்டும் பொம்மைகள். அந்தக் குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் தாத்தா காலத்து இரும்பு ஒன்றாவது மிச்சம் இருக்கும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கல்யாணச் சாப்பாட்டில் அடுத்த பந்தியில் உட்கார வேண்டுமே.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தாழிக் காலத்து மனிதர்கள் செத்தவரின் இரும்பைச் செத்தவரோடேயே புதைத்தார்கள். அவருடையது அவருக்கு, கணக்கு முடிந்தது. வைத்துக்கொள்கிற வழக்கம் எப்போது வந்ததோ, சாக்குக்குள் வைக்கிற பெரியம்மாவும் புறவாசலுக்குப் போகிற அத்தையும் அப்போதே வந்திருப்பார்கள்.

ஆண்கள் பக்கம் வந்ததில் தாத்தாவின் பாக்குவெட்டி ஒன்று. பித்தளைப் பிடி, கிளி மூக்கு. பல் போன கடைசி வருஷங்களில் பாக்கைச் சீவல் சீவலாக அரிந்து, அதையும் உரலில் இடித்துப் போட்டுக்கொள்வார். இப்போது அது சித்தப்பா வீட்டு ஷோகேஸில் தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் பேரனின் கராத்தே கோப்பைக்கும் நடுவில் இருக்கிறது. போன தடவை எடுத்துத் திறந்து பார்த்தேன், திறக்கவில்லை. கீலில் துரு இறுகிவிட்டது. "தொடாத, அது அப்பா ஞாபகம்" என்றார் சித்தப்பா. ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு வருஷத்துக்கு ஒருதரம் ஒரு பாக்கை அரிந்திருந்தாலாவது ஞாபகம் வாயைத் திறந்திருக்கும்.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். உடன்குடிப் பக்கத்துச் சிநேகிதி ஒருத்தியின் அப்பா பனையேறி. பாளை அரிவாள் வைத்திருந்தார். அது வெட்டுகிற அரிவாள் இல்லை, சீவுகிற அரிவாள். பனம்பாளையின் நுனியைக் காலையும் மாலையும் இலை கனத்துக்குச் சீவிவிட்டால்தான் பதநீர் சுரந்துகொண்டே இருக்கும். மொக்கை அரிவாளால் சீவினால் பாளை நசுங்கும், பதநீர் நின்றுவிடும். அதனால் மரம் ஏறுவதற்கு முன்னால், கட்டையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி அதில் அலகைத் தீட்டோ தீட்டென்று தீட்டுவார்கள். முழங்கை மயிரில் வைத்து இழுத்துப் பார்ப்பார் அவர். மயிர் வந்தால் சரி. அதை அரிவாள் பெட்டியில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினால், இடறி விழும்போது அது தன் மேலேயே பாயாமல் இருக்க வேண்டும் என்பதும் ஒரு வேண்டுதல்.

அவர் தன் பிள்ளைகளில் ஒருவரையும் மரத்துப் பக்கம் விடவில்லை. "என்னோட போகட்டும் இந்த நெஞ்சுக் காய்ப்பு" என்பாராம். மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். அந்த அரிவாள் அவளிடம்தான் இருக்கிறது. என்ன செய்கிறாள் தெரியுமா? மாங்காய் சீசனில் வடகத்துக்கும் வற்றலுக்கும் அதில்தான் சீவுகிறாள். அப்பாவின் தொழிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பாவின் கூர்மையை மட்டும் வைத்துக்கொள்ள முடிகிறது. நான் பார்த்ததிலேயே நேர்மையான வாரிசு அவள்தான்.

அரிவாள் என்றாலே ஒரு முகச்சுளிப்பு வந்துவிட்டது. சினிமா செய்த புண்ணியம் பாதி, நடக்கிற கொலைகள் மீதி. சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி என்றால் அரிவாள், அரிவாள் என்றால் திருப்பாச்சேத்தி. அங்கே பட்டறைகளில் நடக்கிற வேலையில் பெரும்பங்கு கதிர் அறுக்கவும் விறகு பிளக்கவும் தேங்காய் வெட்டவும் ஆகிற அரிவாள்தான். கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாகச் சாத்துகிற ஆள் உயர அரிவாளும் அங்கே அடிக்கிறார்கள். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் கிராமத்து அண்ணன் ஒருத்தர் தாத்தாவின் இளநீர் சீவும் அரிவாளைச் சாணை பிடிக்க டவுனுக்குப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போக, வழியில் போலீஸ் நிறுத்திவிட்டது. "ஐயா, இது எங்க தாத்தாவோடது" என்றிருக்கிறார். "தாத்தா மேல எத்தனை கேஸ்?" என்று கேட்டிருக்கிறார்கள். தேங்காய் ஏவாரி ஒருவர் வந்து சாட்சி சொன்னபிறகுதான் விட்டார்களாம்.

இரும்புக்கு என்று வீட்டில் சில சட்டங்கள் இருந்தன. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்தால் சண்டை வரும். பச்சை உடம்புக்காரியின் தலைமாட்டில் ஒரு துண்டு இரும்பு இருக்க வேண்டும், காத்துக் கருப்பு அண்டாது. ஆயுத பூஜையன்று எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிடுவார்கள். அன்றைக்குக் காய் நறுக்க ஒன்றும் கிடைக்காது, முதல் நாள் ராத்திரியே நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பேய் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கைக்குக் கை கொடுக்காதே என்பது மட்டும், குழந்தைகள் ஓடுகிற அடுக்களைக்கு இன்றைக்கும் சரியான சட்டம். மாமியாரும் மருமகளும் பேசாமல் இருந்த நாட்களில்கூட ஆச்சி அருவாமணையைத் தரையில் தள்ளிவைக்க, பெரியம்மா இழுத்துக்கொள்வாள். அந்த நாட்களிலும் சமையல் நிற்கவில்லை.

இப்போது அந்த அருவாமணை எங்கே என்று கேட்பீர்கள். பெரியம்மாவுக்கு முட்டி தேய்ந்துபோய் அவள் உட்காருவதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. பெற்ற மகளுக்குக் கொடுப்பாள் என்று நினைத்தோம். கொடுத்தது மருமகளுக்கு, கோயம்புத்தூர் ஃபிளாட்டுக்கு. மகளுக்கு வருத்தம் இருந்தது. "நீ ஃபுட் பிராசஸர்ல அரைக்கிறவ, அவதான் வாழைப்பூ ஆய்றவ" என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆச்சி காலமானபோது எந்தச் சட்டம் பேசி எடுத்தாளோ அதே சட்டம்தான். மருமகள் ஹாலில் பேப்பரை விரித்து, டிவியில் சீரியல் ஓட, அதில் கொத்தவரங்காய் நறுக்குகிறாள். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "இதை இன்னும் வச்சிருக்கீங்களா?" என்கிறார்களாம்.

கொஞ்சம் நடைமுறை விஷயம். பழைய இரும்பைப் பரணிலிருந்து இறக்கினால் முதலில் புளியைக் கரைத்துப் பூசிச் சற்று நேரம் வையுங்கள், துரு இளகும். கழுவியதும் ஈரம் துளி இல்லாமல் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். சிங்க்கில் ஊறப் போடவே கூடாது. அரிவாளின் பிடி ஆடினால் தூக்கிப் போடாதீர்கள். பூணைக் கழற்றி அரக்கு வைத்து இறுக்கித் தர இன்னும் ஆள் இருக்கிறார்கள். சாணைக்கு மின்சார மோட்டார் வைத்திருப்பவரிடம் கொடுக்காதீர்கள். அவசரத்தில் அமுக்குவார், அலகு சூடேறி ஓரத்தில் நீலம் ஓடினால், இருட்டுப் பட்டறையில் ஒருவர் பார்த்துப் பார்த்து வைத்த துவைச்சல் அந்த நிமிஷத்தோடு போய்விடும். மிதி சாணைக்காரர் வந்தால் விடாதீர்கள். மெதுவாகச் சுற்றும், சூடு ஏறாது, நடுவில் தண்ணீரும் தொட்டுக்கொள்வார். நாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பழைய இரும்பு, ஈயம், பித்தளை என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டிக்காரர் வரும்போது, பரணில் கிடக்கும் அருவாமணையையோ பாக்குவெட்டியையோ எடுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவர் முன்னால் கொண்டுபோய்க் கீழே வையுங்கள். இது யாருடையது, எந்த ஆசாரி அடித்தது, யார் எதை நறுக்கினார்கள் என்று கேட்டு ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும், இதில் இருக்காது. அவர் போய்விட்டால் கேட்க ஆளில்லை. எழுதிய பிறகும் எடைக்குப் போடத்தான் வேண்டும் என்று தோன்றினால் போட்டுவிடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.